ஒரு சாண் கயிறு

காற்று வராமலே இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், பாய்மரப் படகில் உட்கார்ந்துகொண்டு நினைக்கிற நினைப்பா இது. மணி பத்தே முக்கால். துறைமுகத்துக்குக் கிழக்கே மூன்று மைல். காலையில் அடித்த வாடை ஓய்ந்துவிட்டது, கடல்காற்று இன்னும் கிளம்பவில்லை, இரண்டுக்கும் நடுவில் தினமும் வருகிற வெட்டி நேரம், தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கிறது. லோட்டேயின் ரப்பர் படகுக்கு இந்தப் பக்கம் எங்கள் படகு, அந்தப் பக்கம் டென்மார்க்காரர்களின் படகு, மூன்றையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. லோட்டே டென்மார்க் ஜோடியின் கோச், இந்த இரண்டு மாதமாக எங்களுக்கும் கோச். அவர்கள் ஊர்க் கடல் இப்போது விறைத்துக் கிடக்குமாம், எங்களுக்கு அவர்களுடைய வேகம் வேண்டும், அவர்களுக்கு எங்களுடைய வெயில் வேண்டும், கூட்டாளி ஆகிவிட்டோம். கேட்டமரான் என்கிற எங்கள் படகின் பெயர் தமிழ்க் கட்டுமரம்தான் என்று வந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படியா என்று கண்ணை விரித்தேன், பாவம், ஆசையாகச் சொல்கிறார்களே. எதிரே தயாளன் அண்ணா வலையில் மல்லாந்து படுத்து ஹெல்மெட்டை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். நீளமாக இரண்டு மிதவை, நடுவே இழுத்துக் கட்டிய வலை, ஓர் ஆண், ஒரு பெண், இவ்வளவுதான் எங்கள் படகு. அவர் சுக்கான் பிடிப்பவர், நான் பெரிய பாயின் கயிற்றைப் பிடிப்பவள், மூன்று வருடமாக இப்படித்தான். அவருடைய வலது கெண்டைக்காலில் தண்ணீர் புகாத பிளாஸ்திரி, அதற்கடியில் பதினோரு தையல் போட்ட தழும்பு. அதைப் பார்க்காமல் வேறெங்காவது பார்க்கலாம், இவ்வளவு பெரிய கடல் இருக்கிறது, ஆனால் கண் அங்கேயேதான் போய் நிற்கிறது.

இன்றோடு பயிற்சி முடிகிறது. நாளைக் காலையில் டென்மார்க்காரர்கள் படகைக் கழற்றிக் கன்டெய்னரில் ஏற்றுகிறார்கள், அது நேரே உலகப் போட்டி நடக்கும் ஊருக்குப் போகிறது. படகைத் தண்ணீருக்கு மேலே தூக்குகிற சுக்கான் தகட்டில் போட்டிக்கு ஒரு படகுக்கு ஒரு ஜோடிதான் பதிவு செய்யலாம், அவர்கள் படகுக்குப் பழசா புதுசா என்று இன்று மத்தியானம் லோட்டே எழுதி அனுப்ப வேண்டும். எழுத என்ன இருக்கிறது, முடிவு எல்லாருக்கும் தெரியும், பழசுதான். புதுத் தகடு மெதுவாகப் போகிறது என்று நோட்டு சொல்கிறது. லோட்டேயின் நோட்டு தண்ணீரில் நனையாத மஞ்சள் நோட்டு, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருப்பார், பென்சிலால்தான் எழுதுவார். இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் ஐந்து நிமிடம் ஒரே திசையில் போக வேண்டும், ஒரு படகில் ஒரே ஒரு மாற்றம் மட்டும், மற்றப் படகு எதையும் தொடாமல் அளவுகோலாக வர வேண்டும், முடிந்ததும் லோட்டே நடுவில் வந்து நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்பார், நீ என்ன மாற்றினாய், நீ என்ன மாற்றினாய். ஒன்றும் மாற்றாவிட்டாலும் வாயைத் திறந்து ஒன்றுமில்லை என்று சொல்லியாக வேண்டும், தலையாட்டினால் செல்லாது. அளவுகோல் அவர்கள். சோதனைக்கு என்று அவர்களுடைய புதுத் தகடு எங்கள் படகில். முப்பத்தெட்டு தடவை லோட்டே என்னைக் கேட்டார், முப்பத்தெட்டு தடவையும் நான் ஒன்றுமில்லை என்றேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது, அப்புறம் பழகிவிட்டது, இரண்டு இட்லி போதும்மா என்று சொல்வது போல அதுபாட்டுக்கு வந்தது.

ஒரு சாண். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். காற்று ஏறி வேகம் பிடித்ததும் தகடுகள் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடும், மிதவை இரண்டும் அந்தரத்தில், நானும் அண்ணாவும் இடுப்பில் கம்பியை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே தொங்குவோம், இரைச்சல் நின்றுவிடும். அந்த அமைதிதான் எனக்கு ஆகாது. பழைய தகட்டில் முழங்கால் உயரம் எழும்பும், அதில் நான் ராணி, பாட்டுப் பாடுவேன். புதுத் தகடு இடுப்பு உயரத்துக்குத் தூக்குகிறது. அந்த உயரத்துக்குப் போனதும் என்னைக் கேட்காமலே என் கை ஒரு சாண் கயிற்றை விட்டுவிடுகிறது. பாய் கொஞ்சம் தளர்கிறது, படகு கொஞ்சம் இறங்குகிறது, டென்மார்க்காரர்கள் இரண்டு படகு நீளம் முன்னால் போகிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது. பின்னால் வருகிற லோட்டேயின் கேமராவில் அது தெரியாது, நான் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், கயிறு மறைந்துவிடுகிறது. ஜி.பி.எஸ். வேகத்தைச் சொல்லும், கயிற்றைச் சொல்லாது. பழைய தகட்டுக்கு மாற்றினால் எனக்குப் பயமில்லை, கை விடுவதில்லை, இரண்டு படகும் சரிசமமாகப் போகின்றன. புதுசை மாட்டினால் பின்தங்குகிறோம். இதைவிடச் சுத்தமான கணக்கு உண்டா, பரீட்சைப் பேப்பரில் எழுதினால் முழு மார்க் போடுவார்கள். அந்தக் கணக்குக்கு நடுவில் என் பயம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"இன்னா சுகி, சத்தத்தையே காணோம்?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தயாளன் அண்ணா.

"ஒண்ணுமில்லண்ணா. வெயில்."

"தண்ணி குடி. மத்தியானம் தலைவலின்னு உக்காராத." அவ்வளவுதான், மறுபடி தூக்கமோ தூக்கம் மாதிரி ஒன்றோ. கடற்படையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர், எந்த இடத்திலும் ஐந்து நிமிடத்தில் தூங்கி, கூப்பிட்டால் அரை நொடியில் எழுந்துவிடுவார். நான் தண்ணீர் குடிக்கிறேன், வெந்நீராக இருக்கிறது, முகத்தில் பூசிய வெள்ளைக் களிம்பு உதட்டில் வழிந்து கசக்கிறது. இவ்வளவு பூசியும் கறுத்துப்போய்விட்டாய் என்று அம்மா புலம்புகிறாள், அவளுக்கு அது ஒன்றுதான் கவலை, கொடுத்துவைத்தவள். நங்கூரம் போட்ட கப்பல்களை எண்ணுகிறேன், ஏழு, எட்டாவது ஒன்று தூரத்தில் அழுக்காகத் தெரிகிறது, அது கப்பலா புகையா. புகை. போகி அன்றும் இப்படித்தான் இருந்தது, ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்தி, ஒன்பது மணி வரை கரையே தெரியவில்லை, லீவு போட்டிருக்கலாம், பொங்கலுக்கு முந்தின நாள் யார் பயிற்சிக்கு வருவார்கள், நாங்கள் வந்தோம். வேண்டாம், போகியை நினைக்க வேண்டாம். கப்பல்களை எண்ணு. ஏழு.

நினைக்க வேண்டாம் என்றால் நினைப்பு கேட்குமா. போகி அன்று காற்று நன்றாக இருந்தது, புகை கலைந்ததும் இருபது நாட் வேகத்தில் அடித்தது, புதுத் தகடு எங்களை வாரித் தூக்கியது, இடுப்பு உயரம், அதற்கும் மேலே. ஒரு சாண் விட்டேன், போதவில்லை, இன்னும் ஏறியது, தயாளன் அண்ணா 'சூப்பர் சூப்பர் அப்படியே புடி' என்று கத்துகிறார், என் கை முழுசாகத் திறந்துகொண்டது. கயிறு கையை உரசிக்கொண்டு ஓடியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாயில் பிடிப்பு போனதும் வெளியே தொங்குகிற எங்கள் இரண்டு பேர் பாரமும் படகை எங்கள் பக்கமே சாய்த்தது, முதுகு அடியாகத் தண்ணீரில் விழுந்தோம், படகு எங்கள் தலைக்கு மேலே வந்து கவிழ்ந்தது. தண்ணீருக்கடியில் பச்சை வெளிச்சம். கம்பியின் கொக்கியைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தபோது எனக்குப் பக்கத்தில் தண்ணீர் சிவப்பாக இருந்தது, யாரோ சாயத்தைக் கரைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், மனசு எவ்வளவு அசடு. சுக்கான் தகடு அவர் காலைக் கிழித்திருந்தது. ரப்பர் படகில் ஏற்றும்போது காலைப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "நான்தான் சுகி. நான்தான் சுக்கானை அதிகமாத் திருப்பிட்டேன். சாரிம்மா." எனக்குச் சாரி சொன்னார். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். லோட்டே டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார், டென்மார்க் பெண் சிக்னே என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ரத்தம், சத்தம், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது. சரி, அந்த நேரத்தில் இல்லை. அதற்கு அடுத்த மணி நேரத்தில்? அடுத்த நாள்?

அடுத்த நாள் பொங்கல். ஆஸ்பத்திரியில் அவர் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருக்க, அவர் மனைவி கோமதி அக்கா எண்ணூரிலிருந்து டிபன் பாக்ஸில் பொங்கல் கொண்டுவந்திருந்தார். எனக்கும் ஒரு தட்டில் வைத்து, "நீயும் விழுந்தியாமே கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆவலியே? இவரு கை கொஞ்சம் முரட்டுக் கை, ஸ்கூட்டரே அப்படித்தான் ஓட்டுவாரு. பாத்துப் போங்கன்னா கேட்டாத்தானே" என்றார். அண்ணா சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஆமா, என் தப்புதான், ஒத்துக்கிறேன்" என்று கையைத் தூக்கினார். நான் பொங்கலைத் தின்றேன். முந்திரியைக்கூட விடவில்லை. தொண்டையில் அடைக்கும் என்று சொல்வார்களே, எனக்கு அடைக்கவில்லை, நன்றாகவே இறங்கியது, அதுதான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக மோசமான விஷயம். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். ஆட்டோக்காரர் யாருக்கும்மா உடம்புக்கு என்று கேட்டார், அண்ணனுக்கு என்றேன்.

ரப்பர் படகைத் தாண்டி சிக்னே என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். அவள் அந்தப் படகில் என் இடத்தில் இருப்பவள், கயிறு பிடிப்பவள், இருபத்து நாலு வயது, மூக்கு முழுக்கத் தோல் உரிந்திருக்கிறது. பக்கத்தில் யோனாஸ், அவளுடைய சுக்கான், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வேறு உலகத்தில் இருக்கிறான். புதுத் தகட்டை வரைந்தது சிக்னே. கல்லூரியில் படிப்பே அதுதான், ஒன்றரை வருடமாகக் கணக்குப் போட்டு வரைந்து, தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்த்து, விமானத்தில் தலைக்கு மேலே சாமான் வைக்கிற இடத்தில் வைக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். வேகமாகப் போகும் என்று அவள் சொல்லவில்லை, பறக்கும் என்று மட்டும் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, எங்கே தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை, உயரமாகத் தூக்குகிறது, தண்ணீர் இழுப்பது குறைய வேண்டும், வேகம் கூடத்தான் வேண்டும், எனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது என்றாள். படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாளாம். நான் அவளுக்குச் சட்னியைத் தள்ளி வைத்தேன். ஒருத்தி வாழ்க்கையையே சந்தேகப்படுகிறாள், நான் சட்னியைத் தள்ளி வைக்கிறேன். காரச் சட்னி. கண்ணில் தண்ணீர் வந்து, காரம் என்றாள்.

சொல்லிவிடலாம். இன்று சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் எழுந்தேன், பல் தேய்க்கும்போது கண்ணாடியில் ஒத்திகைகூடப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது லோட்டே, அதிலிருந்து கயிற்றைக் கொஞ்சம் விடுகிறேன். எவ்வளவு அழகான வாக்கியம். விபத்துக்குப் பிறகு. யார் கோபிப்பார்கள், தலைக்கு மேல் படகு கவிழ்ந்தால் எவளுக்கும் பயம் வரும், லோட்டே தோளில் தட்டுவார், தயாளன் அண்ணா 'என்னாலதான் உனக்கு பயம் வந்துச்சு' என்று இன்னொரு சாரி சொன்னாலும் சொல்வார். விபத்துக்குப் பிறகு பயந்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. முன்னாலேயே பயந்தவளுக்கு என்ன இருக்கிறது. துறைமுகத்தின் வாயைத் தாண்டும்போதுதான் மனசில் கணக்கு இடித்தது. புதுத் தகட்டை மாட்டியது ஒன்பதாம் தேதி. போகி பதிமூன்று. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, நாலு நாள், இருபத்திரண்டு ஓட்டம், அத்தனையிலும் பின்தங்கியிருக்கிறோம். விபத்துக்குப் பிறகுதான் என்று நான் சொன்னால் லோட்டே அதற்குப் பிறகு நடந்த பதினாறை மட்டும் அடிப்பார், முதல் இருபத்திரண்டு அப்படியே நிற்கும், புதுத் தகடு அப்போதும் மெதுவாகத்தான் போயிற்று என்று நிற்கும். சிக்னேவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாதி உண்மை ஒரு காசுக்குப் பெறாது. முழுசாகச் சொன்னால்தான் தகடு பிழைக்கும், முழுசாகச் சொன்னால் ஒன்பதாம் தேதியைச் சொல்ல வேண்டும், ஒன்பதைச் சொன்னால் பதிமூன்றும் கூடவே வந்துவிடும், தயாளன் அண்ணா முட்டாள் இல்லை.

அப்படி ஒன்பதாம் தேதி என்னதான் நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது, படகு எழும்பியது, நான் பயந்தேன். பதினோரு வயதில் எல்லாரும் அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கியபோது நான் ஒருத்திதான் சிரித்துக்கொண்டு இறங்கினேன் என்று சொல்வார்கள், அந்தப் பெண் எங்கே போனாள். இருபத்தாறு வயதில் காரணமே இல்லாமல் ஒரு பயம் வருமா. வயிற்றில் ஏதாவது கோளாறா, ரத்தம் குறைவா, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் போய்விடுமா, அதையும் சாப்பிட்டுப் பார்த்தேன், மலச்சிக்கல்தான் வந்தது. படகுச் சங்கத்தில் சொன்னால் ஓய்வு எடு என்பார்கள், ஓய்வு எடுத்தால் என் இடத்துக்குப் புனேயிலிருந்து ஒரு பெண் வருவாள், என்னைவிட இரண்டு கிலோ குறைவு, கையெல்லாம் நரம்பு, ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சிரிக்கவே மாட்டாள், அவள் கை ஒரு சாண்கூட விடாது. நான் ரயில்வே ஆபீசில் உட்கார்ந்து விளையாட்டுக் கோட்டா மேடம் என்ற பெயரோடு ஃபைலைத் தள்ளிக்கொண்டிருப்பேன். அதுகூடப் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் அதுகூடப் பரவாயில்லை. தயாளன் அண்ணா என்னைப் பார்க்கிற பார்வை மாறும், அதுதான் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. காற்று வராவிட்டால் இன்று ஓட்டம் கிடையாது, ஓட்டம் இல்லாவிட்டால் கேள்வி கிடையாது, கேள்வி இல்லாமல் நானாகப் போய் எப்படிச் சொல்வது. காற்றே, இன்று ஒரு நாள் வராதே, உனக்குக் கோடி புண்ணியம்.

தென்கிழக்கில் தண்ணீர் கறுக்கிறது. முதலில் ஒரு கோடு, அப்புறம் கோடு பட்டையாகிறது. நான் பார்ப்பதற்கு முன்னால் தயாளன் அண்ணா எழுந்து உட்கார்ந்துவிட்டார், கன்னத்தில் பட்டிருக்கும், அவருக்குக் கன்னத்தில் தெரியும். "வந்துருச்சு பாரு நம்ம ஆளு" என்று ஹெல்மெட்டை மாட்டுகிறார். லோட்டே ஒரு விரலைத் தூக்குகிறார், ஒரே ஓட்டம், நோட்டுக்குக்கூட இல்லை, சிக்னே கேட்டுக்கொண்டதற்காக, புதுத் தகட்டுக்கு ஒரு வழியனுப்பு. எங்கள் படகில் அதுதான் மாட்டியிருக்கிறது. இப்போது திடீரென்று ஒரு வழி தெரிகிறது எனக்கு, ஏன் இவ்வளவு நேரம் தெரியவில்லை, நான் கயிற்றை விடாமல் இருந்தால் போதுமே. ஒரே ஒரு தடவை. அவர்களை முந்திக்கொண்டு பறந்தால் லோட்டே புருவத்தைத் தூக்குவார், இது என்ன என்பார், மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்பார், மத்தியானம் வரைக்கும் மறுபடி மறுபடி ஓட்டலாம், தகடு தானாக ஜெயித்துவிடும், நான் வாயே திறக்க வேண்டாம், ஒன்பதும் வேண்டாம் பதிமூன்றும் வேண்டாம். கைதானே, என் கைதானே, நான் சொன்னால் கேட்காதா. கட்டை அவிழ்க்கிறோம். கொக்கியை மாட்டிக்கொண்டு வெளியே போகிறேன். கயிறு ஈரமாகக் கையில் இருக்கிறது, இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன், அது கூடாது, கையைச் சுற்றக் கூடாது என்றுதான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

இரண்டு படகும் ஒரு வரிசைக்கு வருகின்றன. சிக்னே அந்தப் படகில் தொங்கிக்கொண்டு இங்கேயே பார்க்கிறாள், என்னை இல்லை, என் காலுக்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கிற அவளுடைய தகட்டை. விசில். இழு இழு இழு. பன்னிரண்டு, பதினான்கு நாட், மிதவை தட்டுகிறது, தட்டுகிறது, இரைச்சல், இரைச்சல் நின்றது. மேலே. முழங்கால். சரி, முழங்கால்தானே, இது பழைய உயரம், இதில் நான் ராணி. ஏறுகிறது. தொடை. விடாதே. கைக்குச் சொல்கிறேன், விடாதே, பெருவிரலை மடக்கு, வலிக்கட்டும். இடுப்பு. தண்ணீர் கீழே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் முன்னால் போகிறோம், சிக்னேயின் தலை பின்னால் நகர்கிறது, நிஜமாகவே முந்துகிறோம், ஒரு படகு நீளம் இருக்கும், அடியே சுகிர்தா, இன்னும் நாலு நிமிடம்தான், விடாதே, பச்சை வெளிச்சம், எங்கிருந்து வந்தது இந்தப் பச்சை வெளிச்சம், மூச்சு, கொக்கி எங்கே, விடாதே விடாதே. விட்டுவிட்டது. ஒரு சாண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை விட்டது, யாரோ ஒருத்தியுடைய கை மாதிரி. படகு இறங்குகிறது. டென்மார்க்காரர்கள் எங்களைத் தாண்டி இரண்டு நீளம் முன்னால் போகிறார்கள், நோட்டில் உள்ளபடியே.

பாயைத் தளர்த்திவிட்டு நிற்கிறோம். லோட்டே நடுவில் வருகிறார். நோட்டுக்கு இல்லை என்று சொன்னவர் பழக்கதோஷத்தில் நோட்டைத் திறக்கிறார். "யோனாஸ், நீ என்ன மாற்றினாய்?" "ஒன்றுமில்லை." "சிக்னே?" "ஒன்றுமில்லை," தகட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறாள். "தயாளன்?" "ஒன்றுமில்லை லோட்டே." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தமிழில், "ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு, அப்புறம் நான்தான் எங்கியோ விட்டுட்டேன்" என்கிறார். நான்தான். மறுபடியும் நான்தான். "சுகிர்தா?" ஒன்றுமில்லை என்பது நாக்கில் தயாராக உட்கார்ந்திருக்கிறது, அதைத் துப்பினால் எல்லாம் முடிந்துவிடும், கன்டெய்னர், விமானம், டாட்டா. அவருடைய அந்த நான்தான் காதுக்குள் நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது.

"கயிற்றை விட்டேன்," என்கிறேன். இங்கிலீஷில் சொல்வது சுலபமாக இருக்கிறது, யாரோ சொல்வது போல. "படகு மேலே எழும்பும்போதெல்லாம் விடுகிறேன். பயத்தில். தகடு மெதுவாக இல்லை, சிக்னே. நான்தான்."

பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. லோட்டே கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டிருந்தால் நான் அழுது தப்பித்திருப்பேன். பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொள்கிறார். "எந்தத் தேதியிலிருந்து?"

பதிமூன்று என்று சொல்லலாம். இந்த நொடியில்கூடச் சொல்லலாம். தயாளன் அண்ணா என் பக்கம் திரும்பியிருக்கிறார், முகத்தில் இரக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, பதிமூன்று என்று நான் சொல்வதற்காகவே அது அங்கே காத்திருக்கிறது.

"ஒன்பது. முதல் ஓட்டத்திலிருந்து."

லோட்டே நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். ஒரு பக்கம், குறுக்கே ஒரு கோடு. இன்னொரு பக்கம், கோடு. சிக்னே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, என்மேல் கோபப்பட அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நான் அவளையே பார்க்கிறேன், இந்தப் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

"ஒன்பதா," என்கிறார் தயாளன் அண்ணா. மெதுவாகத்தான் சொல்கிறார். "அப்போ போகி அன்னைக்கு?"

"அன்னைக்கு முழுசா விட்டுட்டேண்ணா. நீங்க அதிகமாத் திருப்பல. நீங்க சரியாத்தான் புடிச்சீங்க."

அவர் காலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ள எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சுக்கான் கட்டையை விட்டுவிட்டு வலையில் உட்காருகிறார், ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், தலை முழுக்க வேர்வை.

"பதினெட்டு நாளா சுக்கானைத் தொடவே பயந்துக்கினு இருக்கேன், சுகி," என்கிறார். "என் கைய நானே நம்பல. வீட்ல ஸ்கூட்டர்கூட எடுக்கல. கோமதிதான் ஓட்டுறா."

சொல்லிவிட்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.